ஓலைக்கு முந்தி வந்த தேயிலைப் பெட்டி

பெயர் மா தூஸா. வயது நாற்பத்து மூன்று. அமரபுரம், கிழக்கு வாசல், அரக்குப் பெட்டிக்காரர் தெரு. பதினேழு வருடமாக நீதிமன்றத்தில் ஊறிய தேயிலையைப் பூண்டு, எள்ளு வறுத்துச் சேர்த்து, தின்பதற்குப் பெட்டியில் வைத்துப் பரிமாறுகிறேன். தீர்ப்பு வாசித்ததும் வாதியும் பிரதிவாதியும் ஒரே பெட்டியில் எடுத்துத் தின்ன வேண்டும். தின்றால் வழக்கு முடிந்தது; பிறகு யாரும் கிளற முடியாது. தளபதி ஊ செய்ன் வழக்கில் நான் வேண்டுமென்றே தீர்ப்புக்கு முன்பே பெட்டியை நீட்டினேன் என்று அமைச்சர் ஊ லூன் புகார் கொடுத்திருக்கிறார். அது நிரூபணமானால் அவர்கள் தின்றது செல்லாது, தளபதி தலை போகும் என்பதை அறிவேன்.

தளபதி முதலில் யானைக் கொட்டிலில் சாணி அள்ளியவர். அதன் பிறகு பாளி மொழி படித்தார், அதன் பிறகு மலைக்கோட்டை ஒன்றைப் பிடித்தார், அதன் பிறகு சட்ட நூலை எங்கள் மொழியில் எழுதினார். அரசர் மரியாதையாகக் கொடுத்துக் கொடுத்து ஏழு பொற்குடை சேர்ந்துவிட்டது. அவர் தெருவில் வந்தால் எங்கள் வீட்டு வாசல்வரை நிழல் விழும். அதன் பிறகு வரலாறு எழுதினார். அரசரின் பாட்டனார் போரில் வாழைத்தோப்பில் ஒளிந்ததை உள்ளபடியே எழுதிவைத்தார். அவ்வளவு படித்தவருக்கு அதை மட்டும் விடத் தெரியவில்லை. அதற்காக அமைச்சர் வழக்குப் போட்டார். ஒரே காலையில் ஏழு குடையும் போய்க் காலில் விலங்கு ஏறியது.

விசாரணையன்று நீதிபதி தீர்ப்பு ஓலையை விரித்தார், வாசிக்குமுன் வியர்வை துடைக்கக் கீழே வைத்தார். ஓலை கீழே வந்தால் பெட்டி உள்ளே போகும். அது என் பழக்கம். அமைச்சர் காலையிலிருந்து பட்டினி. வறுத்த பூண்டு வாசனை வந்ததும் அவர் கை தானாகப் பெட்டிக்குள் போயிற்று. தளபதி என்னை ஒரு பார்வை பார்த்தார், ஒரு கிள்ளு எடுத்து நிதானமாக மென்றார்.

"இன்னொரு கிள்ளு குடும்மா, எள்ளு நல்லா வறுபட்டிருக்கு."

"ஐயோ, தீர்ப்பே வரலையே!" என்று அமைச்சர் வாய் நிறையத் தேயிலையோடு அலறினார். "இப்பவே துப்பிடறேன்!"

"பாதி உள்ள போயிடுச்சே, அமைச்சரே," என்றார் நீதிபதி. "தின்னா முடிஞ்சுதுன்னு விதி இருக்கு. அதை எழுதினதும் இந்த மனுஷன்தான். நான் என்ன பண்ண?"

தளபதியை எனக்குப் பிடிக்கும், மறைக்கவில்லை. விலங்கோடு அவரைப் பார்த்து அழுதேன். ஆனால் கை செய்தது பழக்கம்தான்.

அதிகாரி என் வாக்குமூலத்தை எழுதும்போது அமைச்சர் சார்பில் வாதியாக உட்கார்ந்திருந்த அவர் மைத்துனர் கோ டின் மூன்று முறை கொட்டாவி விட்டார். அதன் பிறகு அதிகாரி எழுத்தாணியைத் தீட்ட ஓலையைக் கீழே வைத்தார். பழக்கதோஷத்தில் பெட்டியைத் திறந்துவிட்டேன். கோ டின் தின்றார். இந்த வழக்கின் பிரதிவாதி நானும் தின்றேன்.

இதில் உள்ளதெல்லாம் நான் சொன்னது, சொன்னதெல்லாம் நடந்தது. வாசிக்கக் கேட்டேன். பெட்டி காலி.

(கையெழுத்து) மா தூஸா