எட்டாவது வாரம்

முட்டிக்கு ஐஸ் வைக்கும்போது நடுவில் ஒரு துணி விரிக்க வேண்டும். பாதிப் பேர் விரிப்பதில்லை. தோல் புண்ணான பிறகு பிசியோதெரபிஸ்டிடம் வந்து சண்டை பிடிப்பார்கள். இந்த ஆஸ்பத்திரியில் பதினாறு வருடமாக எனக்கு இதே பாடுதான். மற்றபடி நான் கோபக்காரி இல்லை.

உங்கள் விசாரணைக் குழு விசாரிக்கிற இந்த நோயாளி என் தங்கை. என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவள். அம்மா போன பிறகு தலை பின்னிவிட்டு, பள்ளிக்கு அனுப்பி, ஜுரம் வந்தால் பக்கத்திலேயே கிடந்து வளர்த்தது நான்தான். வாலிபால் ஆடுவாள். ஒருநாள் எழும்பி அடித்துவிட்டு இறங்கும்போது கால் பிசகி, வலது முட்டியில் ஜவ்வு அறுந்துவிட்டது. அதற்கும் எனக்கும் சம்பந்தமில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் சர்ஜன் அவளுடைய தொடையின் பின்பக்கத்திலிருந்தே ஒரு தசைநாரை எடுத்து, மடித்து, எலும்பில் துளை போட்டு உள்ளே இழுத்து, திருகு வைத்து இறுக்கினார். அருமையான வேலை. அவர்மேல் பழி போட்டுவிடாதீர்கள்.

முதல் ஒன்றரை மாதம் என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் குளியலறைக்குப் போனாள். "நீ மட்டும் இல்லேன்னா என் கதி என்னக்கா?" என்பாள். அந்த நாட்களில் நான் சந்தோஷமாக இருந்தேன். மறைப்பானேன்?

பிறகு அவளுடைய பயிற்சியாளர் போன் செய்தார். "வெளிநாட்டு கிளப்ல உனக்கு எடம் உறுதிம்மா. ஆபரேஷன் முடிஞ்சு பத்தாவது மாசம் வந்து சேர்ந்தா போதும். மூணு வருஷ ஒப்பந்தம்." அவள் ஒற்றைக் காலிலேயே ஓர் ஆட்டம் போட்டாள். "பாத்துடி, விழுந்து வைக்கப் போற" என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

உள்ளே வைத்த தசைநாருக்கு ஆரம்பத்தில் ரத்த ஓட்டம் கிடையாது. ஆறாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம் வரை நைந்த துணி மாதிரி இருக்கும். அப்புறம்தான் மெல்ல வலு ஏறும். ஆனால் வலி அதற்குள் போய்விடும், கால் தேறிவிட்டது என்றே நோயாளிக்குத் தோன்றும். அந்த வாரங்களில் அவர்களை இழுத்துப் பிடித்து வைப்பதுதான் என் வேலையே.

எட்டாவது வாரம், செவ்வாய்க்கிழமை மத்தியானம். பயிற்சி அறையில் வேறு யாரும் இல்லை. முழங்கால் உயரத்துக்கு ஒரு பெட்டியை இழுத்துப் போட்டேன்.

"ஏறிக் குதி. வலது கால்ல எறங்கி, அப்படியே இடப்பக்கம் திரும்பணும்."

"இப்பவேவா? அஞ்சு மாசம் ஆகும்னு சர்ஜன் சொன்னாரேக்கா?"

"அவரு கத்தி பிடிக்கிறவரு. காலைப் பழக்குறது அவரா, நானா?"

சிரித்துக்கொண்டே ஏறினாள். முதல் தடவை ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவது தடவையும் ஆகவில்லை. சர்ஜன் அவ்வளவு நன்றாக இறுக்கியிருந்தார். இன்னொரு பெட்டியை எடுத்து மேலே அடுக்கினேன். மூன்றாவது தடவை, அறுந்த சத்தம் எனக்கே கேட்டது.

அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். அது பொய் அழுகை இல்லை. அன்று சாயங்காலம் மறுபடி என் தோளைப் பிடித்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தாள்.

உங்களிடம் அவள் என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியும். நான் இல்லாத நேரத்தில் தானாகவே குதித்தாளாம். பாவம், அக்கா ஏதோ நாள் கணக்கில் தப்பு செய்துவிட்டாள் என்று நினைத்து என்னைக் காப்பாற்றப் பார்க்கிறாள். நானும் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன். ஆனால் உங்கள் அறிக்கையில், "நோயாளியின் கீழ்ப்படியாமையே காரணம்" என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் நான் வளர்த்த பெண். அந்த வரியை அடித்துவிடுங்கள். அறுந்துவிடும் என்று தெரிந்துதான் குதிக்கச் சொன்னேன். என் பேச்சைத் தட்டாமல் மூன்று தடவையும் குதித்தாள்.