சிவப்புக் கோட்டைத் தாண்டிய கேள்வி

சர்வர் ரூமில் ஈரம் ஆகாது மேடம். அதனால்தான் அன்றைக்கு நான் அவ்வளவு அவசரமாகத் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். முழங்கால் போட்டு, பேட்டரி வரிசைக்கு அடியில் கையை விட்டு, பழைய பனியன் துணியால் வழித்து வழித்து வாளியில் பிழிந்தேன். இன்னும் ஒரு சாண் ஓடியிருந்தால் ஒயரைத் தொட்டிருக்கும். சர்வர் படுத்திருக்கும்.

அப்போதுதான் யாரோ கதவைத் தட்டினார்கள்.

அதற்கு வருகிறேன். உங்கள் ஏட்டு இன்று காலையில் சர்வரை அப்படியே பிடுங்கி ஜீப்பில் ஏற்றப்போவதாகச் சொன்னார். ஓடுகிற சர்வரை அப்படிப் பிடுங்கக் கூடாது. அதைச் சொல்லத்தான் நானாக ஸ்டேஷனுக்கு வந்தேன். இன்ஸ்பெக்டர் யூனிஸ் மேடம் பொறுமையாகக் கேட்பார் என்று வெளியே சொன்னார்கள். வந்தது வந்தாயிற்று, மற்றதையும் சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் ஆறுக்குட்டி. சொந்த ஊர் காரமடை. கட்டபெட்டு டீ ஃபேக்டரியின் மாடியில் உள்ள ஆபீஸில் சர்வரைப் பார்த்துக்கொள்கிறேன். மாடியில் பாதி ஆபீஸ், பாதி இலை வாட்டும் தொட்டிகள். என் அறைக்கு அடுத்தது டீ ருசி பார்க்கும் அறை. கீழே மெஷின்கள் ஓடும்போது மாடியில் கத்திப் பேசினால்தான் காதில் விழும்.

பசுந்தேயிலை விலை விழுந்து, பறிக்கிற கூலிக்குக் கட்டாது என்று விவசாயிகள் இலையைச் செடியிலேயே விட்ட வருஷம் அது. எங்கள் முதலாளி பிரசாத் சாருக்கு நாலு ஃபேக்டரி. எங்கே ஒழுகுகிறது என்று தெரியாமல்தான் இந்த சர்வரை வாங்கினார். எந்த ஃபேக்டரியில் அரைத்த தூள், எந்த ஏலத்தில் என்ன விலைக்குப் போனது, அதற்கு எவ்வளவு விறகு எரிந்தது என்று எதைக் கேட்டாலும் பிரித்து மேய்ந்து பதில் சொல்லும்.

அது பதில் சொல்வதற்கு மெமரி வேண்டும். கணக்கை எல்லாம் மெமரியில் விரித்துப் போட்டுக்கொண்டுதான் யோசிக்கும். சின்னக் கேள்விக்குக் கொஞ்சம் இடம், பெரிய கேள்விக்குப் பெரிய இடம். என் திரையில் ஒரு பச்சைக் கோடு ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். அந்த நிமிஷம் செலவாகும் மெமரி அதுதான். அதற்கு மேலே அசையாமல் ஒரு மஞ்சள் கோடு, அதற்கும் மேலே ஒரு சிவப்புக் கோடு. பச்சை போய் மஞ்சளைத் தொட்டால், சர்வர் பழைய சரக்கைக் கீழே போட்டு இடம் பண்ணிக்கொள்ளும். சிவப்பைத் தொட்டால் வேறு வழி இல்லை. எந்தக் கேள்வி அதிகமாகத் தின்கிறதோ அதைக் கொன்றுவிடும். கொல்வது என்பது என் வார்த்தை இல்லை, எங்கள் தொழிலில் அதற்குப் பெயரே அதுதான். ஒன்று போனால் மற்றதெல்லாம் பிழைக்கும். இதை யாரும் பாவம் என்று சொல்வதில்லை.

விலை விழ விழ ஆபீஸில் ஆளைக் குறைத்தார்கள். கேஷியர் போனார், டெஸ்பாட்ச் பார்த்தவர் போனார். என் முறை வந்தபோது பிரசாத் சார் கூப்பிட்டார்.

"ஏனப்பா ஆறுக்குட்டி, உம்பட வேலையக் கோயமுத்தூர்ல உக்காந்துட்டே ஒருத்தன் பாத்துக்கறேங்கறானே?"

"பாக்கட்டுமுங்க சார். ஆனா இந்த மெமரியப் பக்கத்துலயே இருந்து பாத்துக்கோணுமுங்க. கொஞ்சம் கண்ணசந்தாலும் படுத்துக்கும்."

அன்று மதியமே சர்வர் ஒரு தடவை படுத்தது. நான்தான் எழுப்பினேன். அதற்குப் பிறகு கோயமுத்தூர்ப் பேச்சு வரவில்லை.

வாசுகி வந்தது அதற்கப்புறம். கணக்கை அலசுகிற வேலை. அவளுடைய அம்மா ஆண்டாயி கீழே தூள் சலிக்கும் பகுதியில் இருக்கிறார். சிலோனில் எஸ்டேட்டில் பிறந்து, சின்ன வயதில் இங்கே குடியேற்றப்பட்டவர். மகளை எம்.சி.ஏ. வரை படிக்கவைத்து, தான் தூள் சலிக்கிற அதே ஃபேக்டரியின் மாடிக்கு ஏற்றிவிட்டார். வாசுகி கெட்ட பெண் இல்லை. எனக்கு அவள்மேல் கோபமும் இல்லை. அவள் கேட்ட கேள்விகள்தான் பெரிதாக இருந்தன.

நாலில் ஒரு ஃபேக்டரியை மூடுவது என்று பிரசாத் சார் முடிவு செய்திருந்தார். மேலோட்டமான கணக்கில் கட்டபெட்டுதான் பெரிய நஷ்டம். திங்கட்கிழமை சாயங்காலம் மீட்டிங், அதோடு பூட்டு. வாசுகி ஒத்துக்கொள்ளவில்லை.

"அண்ணா, ஆபீஸ் இங்க இருக்கறதால நாலு ஃபேக்டரி விறகும் லாரி வாடகையும் நம்ம தலையில எழுதியிருக்காங்கண்ணா. அஞ்சு வருசத்துக்கும் ஏலத்துக்குப் போன ஒவ்வொரு லாட்டா பிரிச்சுப் பாத்தா தெரிஞ்சுரும். எங்கம்மா மாதிரி கீழ எத்தன பேரு இருக்காங்க."

"பாரு அம்மிணி. யாரு வேண்டாங்கறா."

அவள் கேட்டாள். பச்சைக் கோடு விறுவிறுவென்று ஏறிச் சிவப்பைத் தொட்டது. சர்வர் அவள் கேள்வியைக் கொன்றது. மறுபடி கேட்டாள், மறுபடி கொன்றது. வெள்ளிக்கிழமை இரண்டு தடவை, சர்வருக்குச் சிரமம் வேண்டாமே என்று நானே கொன்றேன்.

"ஒரே ஒரு தடவை அந்தச் சிவப்புக் கோட்டை மேல தூக்குங்கண்ணா. முடிஞ்சதும் எறக்கிருங்க."

"இருக்கற மெமரி அவ்வளவுதான் அம்மிணி. நான் என்ன, வயித்துக்குள்ளயா வெச்சிருக்கேன்?"

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே, "உங்க வயித்தப் பாத்தா இருக்கும்போலத்தான் இருக்குதுங்கண்ணா" என்றாள். நானும் சிரித்தேன்.

திங்கட்கிழமை, மதியச் சங்கு ஊதுவதற்குக் கொஞ்சம் முன்னால், பக்கத்து அறைக்கு டீ குடிக்கப் போனேன். ருசி பார்ப்பதற்காக வரிசையாக ஊற்றி வைத்திருந்த டீயில் எனக்கென்று ஒரு கப் எடுப்பது வழக்கம். திரும்பி வந்தபோது வாசுகி என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். திரையை நான் பூட்டாமல் போயிருந்தேன். சிவப்புக் கோடு இருந்த இடத்தில் இல்லை. உச்சியில் இருந்தது. பச்சைக் கோடு ஏறிக்கொண்டிருந்தது.

அவள் திரும்பிப் பார்த்து ஒன்று சொன்னாள். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நீங்கள் கேட்கலாம், கேள்வியை மட்டும் கொன்றிருக்கலாமே என்று. கொன்றால் திரும்பக் கேட்பாள். கேட்பவரே தொல்லை என்று ஆகிவிட்டால் அவருடைய இணைப்பைத் துண்டிப்பதுதான் முறை. கதவுக்குப் பக்கத்தில் தீயணைக்கும் சிலிண்டர் மாட்டியிருக்கும். அதை எடுத்து அவள் தலையில் அடித்தேன். முதல் அடியில் நாற்காலியோடு சரிந்தாள். கையைத் தூக்கித் தடுத்தாள், மணிக்கட்டு முறிகிற சத்தம் மெஷின் சத்தத்தையும் மீறிக் கேட்டது. இரண்டாவது அடி காதுக்கு மேலே விழுந்தது. அதற்கப்புறம் தடுக்கவில்லை. தலையிலிருந்து இவ்வளவு ரத்தம் வரும் என்று எனக்குத் தெரியாது. பேட்டரிப் பக்கமாக ஓட ஆரம்பித்தது.

யூ.பி.எஸ்.ஸுக்குப் போர்த்தியிருந்த படுதாவில் அவளைச் சுற்றி, சர்வர் அலமாரிக்குப் பின்னால் இழுத்து விட்டேன். பக்கத்து அறையில் ஆறிப்போன டீயை இரண்டு கெட்டிலில் கொண்டுவந்து தரையில் ஊற்றினேன். டீக்கறையோடு சேர்ந்தால் ரத்தம் ரத்தமாகத் தெரியாது. பிறகு துடைக்க உட்கார்ந்தேன்.

சங்கு ஊதியது. கீழே மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன.

அந்த அமைதியில்தான் கேட்டது. அலமாரிக்குப் பின்னால் வாசுகி மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். கரகரவென்று, தொண்டையில் தண்ணீர் நிற்பதுபோல. அதே நேரத்தில்தான் கதவைத் தட்டினார்கள்.

ஆண்டாயி. கையில் தூக்குப்போசி.

"கம்பியூட்டர் ஐயா, எங்க வாசுகி இல்லீங்களா? காலையில வெறும் தேத்தண்ணியோட ஓடியாந்துருச்சு. ரொட்டியும் சம்பலும் கொண்டாந்தேன். ஒங்களுக்குஞ் சேத்துத்தான்."

"குன்னூர் வரைக்கும் அனுப்பியிருக்கேனுங்கம்மா. சாயங்காலம் வந்துருவா."

அப்போது எனக்கு உதவியது வாசுகியின் கேள்விதான் மேடம். அது ஓடிக்கொண்டே இருந்தது. சுமை ஏற ஏற, சூடு தாங்க சர்வரின் விசிறிகள் வேகமெடுத்து இரைந்தன. அந்த இரைச்சலில் மூச்சுச் சத்தம் அமுங்கிப்போயிற்று. கேள்வியைக் கொன்றால் விசிறி அடங்கிவிடும். அதனால் அதைத் தொடாமல் விட்டேன்.

"என்னாங்க ஐயா இது, தேத்தண்ணி கொட்டிப்போச்சா?"

"ஆமாங்க. கை தவறிருச்சு."

"குடுங்க இங்கிட்டு. ஆம்பளைக தொடைச்சா தொடைச்ச மாரியா இருக்கு?"

நான் வேண்டாம் என்றேன். அவர் கேட்கவில்லை. சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, என் கையிலிருந்து துணியைப் பிடுங்கி, உட்கார்ந்து துடைத்தார். மூலை முடுக்கெல்லாம் சுத்தமாக. பேட்டரிக்கு அடியில்கூட. துணியைப் பிழியும்போது வாளியைப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"என்னா சாயம் எறங்கியிருக்கு பாருங்க. இம்புட்டுச் செவப்பா சாயம் குடுக்குற ஃபேக்டரியவா மூடப்போறாக? எம்மவ விடமாட்டா ஐயா. இத்தன நாளா மேல ஒக்காந்து கணக்குப் போட்டுக்கிட்டிருக்கா."

"ஆமாங்கம்மா" என்றேன்.

வாளியை அவரே கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வந்தார். ஒரு ரொட்டியை என்னிடம் கொடுத்துவிட்டு, மீதியை மகளின் மேஜையில் மூடி வைத்துவிட்டு இறங்கிப்போனார்.

அவர் போனதும் அலமாரிக்குப் பின்னால் போனேன். வாசுகியின் கண் திறந்திருந்தது. அம்மாவின் குரல் கேட்டிருக்க வேண்டும், உதடு அசைந்துகொண்டிருந்தது. படுதாவின் நுனியை மூக்கிலும் வாயிலும் வைத்து அழுத்தினேன். கொஞ்ச நேரம் கால் உதைத்தது. விசிறி இரைந்துகொண்டே இருந்தது. பிறகு கால் நின்றது. கடைசி வரிசைத் தொட்டிக்கு இலை வந்து மாதக்கணக்காயிற்று. அதன் அடியில் காற்றுப் போகிற அறைக்குச் சின்னக் கதவு உண்டு. அங்கே வைத்தேன். நேற்று நீங்கள் எடுத்தது அங்கிருந்துதான்.

சாயங்காலம் மீட்டிங் நடந்தது. வாசுகி எங்கே என்று பிரசாத் சார் கேட்டார். "அந்தப் பிள்ள கேட்ட கேள்விக்கு மெமரி பத்தலைங்க சார், பாதியில நின்னுபோச்சு" என்றேன். கட்டபெட்டு ஃபேக்டரியை மூடுவது என்று முடிவானது. சர்வரைக் குன்னூருக்கு மாற்றுகிறார்கள். கூடவே என்னையும். கீழே ஆண்டாயியோடு சேர்த்து எல்லோருக்கும் கணக்கு முடிக்கிறார்கள்.

இதில் எனக்கென்று நான் எதையும் செய்துகொள்ளவில்லை. சர்வர் விழுந்திருந்தால் நாலு ஃபேக்டரியும் நின்றிருக்கும். ஒன்று போய் மற்றது பிழைத்தது.

ஆனால் கேட்டுக்கொண்டு எழுதுகிறீர்கள், முழுதாகவே எழுதிக்கொள்ளுங்கள். அவள் கேள்வி பாதியில் நிற்கவில்லை. ஆண்டாயி என் மேஜைக்கு அடியில் துடைத்துக்கொண்டிருந்தபோது அது முடிந்து, பதில் திரைக்கு வந்தது. நாலில் லாபம் காட்டியது கட்டபெட்டு ஒன்றுதான். அந்த அம்மா நிமிர்ந்திருந்தால் பார்த்திருக்கலாம். திரையை அணைத்தேன், பிறகு பதிலை அழித்தேன். சர்வரின் சூடு இறங்கி விசிறி அடங்குவதற்கு வெகு நேரம் ஆனது. எனக்கு அது போதுமாக இருந்தது.

வாசுகி திரும்பிப் பார்த்துச் சொன்னது இதுதான்.

"அண்ணா, மெசின்ல பாதி மெமரி சும்மா கெடக்குதுங்கண்ணா. யாரோ வரம்பத் தப்பாப் போட்டுட்டாங்க. நீங்கதான் கண்டுபிடிச்சீங்கன்னு சார்கிட்டச் சொல்லிடறேன், என்ன?"

வரம்பைப் போட்டது நான். கோயமுத்தூர்க்காரனைப் பற்றிப் பிரசாத் சார் கேட்ட அன்று மதியம், சிவப்புக் கோட்டைப் பாதிக்கு இறக்கி வைத்தேன். அப்போதுதான் அது முதல் தடவையாகப் படுத்தது.

உங்கள் ஏட்டிடம் ஒன்று சொல்லிவையுங்கள் மேடம். என் நாற்காலியில் இனி யார் உட்கார்ந்தாலும் அந்தக் கோட்டை மட்டும் மேலே ஏற்ற வேண்டாம். சர்வர் தாங்காது.