நாற்பது மூட்டைக் கரி

பாசியை வெயிலில் காயப்போட்டால் நாறும். பக்கத்துத் தோட்டக்காரர் வெள்ளைச்சாமி அதற்காக ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. நல்ல மனுஷன்.

திருவரங்குளத்துக்கு வெளியே, பழைய பேட்டரி உடைக்கும் பட்டறையின் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் திட்டத்துக்கு நான்தான் பொறுப்பு. கண்மாய்ப் பாசியை அள்ளிக் காயவைத்து, காற்றுப் புகாத டிரம்மில் சுட்டால் கரியாகும். கழிவுநீரை அதன் வழியாக விட்டால் ஈயம் கரியில் தங்கிவிடும். பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் வெளியே வரும் தண்ணீரைத்தான் படம் எடுப்பார்கள். ஈயம் ஏறிய கரி எங்கே போகும் என்று ஒருத்தர் கேட்டதில்லை.

நான் கேட்டேன். மேலதிகாரிகளுக்கு ஏழு கடிதம் எழுதினேன். "அது எங்க செக்‌ஷன் இல்லீங்க" என்று ஒரு பதில் வந்தது. மற்ற ஆறும் கிணற்றில் போட்ட கல். நாற்பது மூட்டை ஷெட்டை அடைத்துக்கொண்டு கிடந்தது. ஆய்வுக்குழு வருகிற நேரம் வேறு. எனக்கு வெறுத்தே போய்விட்டது.

அப்போதுதான் வெள்ளைச்சாமி வந்தார்.

"சார், பாசிக்கரி மண்ணுக்கு நல்லதுன்னு யூடியூப்ல சொல்றாங்க. சும்மாதானே கெடக்கு, கீரைக்குப் போட்டுக்கவா?"

பாசிக்கரி மண்ணுக்கு நல்லதுதான். அதில் பொய் இல்லை. "எடுத்துக்கங்க" என்றேன். டிராக்டருக்கும் நானே சொல்லிவிட்டேன்.

கீரை தளதளவென்று வந்தது. முதல் கட்டை என் வீட்டுக்குத்தான் கொண்டுவந்தார். வாங்கிக்கொண்டேன். அவர் போனதும், ஆட்டுக்குக்கூடப் போடாமல் குப்பையில் கொட்டச் சொன்னேன்.

அவர் மகள் தேவிப்ரியாவுக்கு நான்கு வயது. தினமும் கீரைச்சோறு, கரி கலந்த அந்த மண்ணில்தான் விளையாட்டு. சில மாதங்களில் பேச்சு குறைந்தது. பிறகு வலிப்பு. ஆரஞ்சு வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். காரணம் பிடிபடாமல் டாக்டர் குழம்பிக்கொண்டிருந்தார்.

"புள்ளைக்கு என்ன ஆச்சுன்னே தெரியலையே சார்" என்று வெள்ளைச்சாமி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்கும் கண் கலங்கியது. ஈயம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அதற்கு மருந்து இருக்கிறது. அதுவும் எனக்குத் தெரியும். பதினோராம் நாள் பிள்ளை போய்விட்டது.

தெரிந்துதான் கொடுத்தேன், தெரிந்துதான் வாயை மூடிக்கொண்டேன். எழுதிக்கொள்ளுங்கள். ஏன் என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்காதீர்கள், அலுப்பாக இருக்கிறது. நான் சொல்லியிருந்தால் திட்டத்தை மூடியிருப்பார்கள். பட்டறைத் தண்ணீர் பழையபடி கண்மாய்க்கு ஓடியிருக்கும். அப்புறம் இந்த ஊர்ப் பிள்ளைகளை யார் காப்பாற்றுவது?