தேயிலத் தூசின்னு சொன்னாரு

கண்ணு மருந்து எனக்கில்லீங்க ஹம்ஸியா மிஸ், வீட்டுக்காரருக்கு. அவரு இந்தப் பாமசிக்கு வரமாட்டாரு. செவந்த கண்ணோட லுணுகலை பஸ்ஸுல ஏறினா சனம் தள்ளித் தள்ளி ஒக்காருதாம், வெக்கமா இருக்காம். வெக்கப்பட வேண்டிய விசயம் வேற இருக்கு, அத விடுங்க.

கேளுங்க, சொல்றேன். அரிப்பு கொஞ்சந்தான். மண்ண அள்ளிப் போட்ட மாதிரி உறுத்துதுங்கறாரு. தண்ணி வடியுது, அதோட பீள. காலையில எந்திரிச்சா எமை ரெண்டும் ஒட்டிப் போய்க் கெடக்கு. வெரல விட்டுப் பிரிக்கப் பாப்பாரு, நாந்தான் கையத் தட்டிவிட்டு, வெதுவெதுப்பா பாலு ஊத்தாத தேயிலச் சாயத்தண்ணியில துணிய நனச்சுத் தொடச்சு விடுவேன். மொதல்ல எடது கண்ணு, அப்புறம் வலது. கட்டியா? இல்லீங்க, கண்கட்டி எனக்கே வந்திருக்கு, சுடுதண்ணி ஒத்தடம் குடுத்து நானே ஆத்திக்கிட்டேன். இது அது இல்ல. வெளிச்சத்தப் பாத்தா வலியும் இல்ல. பார்வையா? அது மங்கலீங்க. அவருக்குத் தெரிய வேண்டியதெல்லாம் நல்லாத்தான் தெரியுது.

அப்பிடி வலிச்சாலோ மங்கினாலோ பதுளை ஆஸ்பத்திரிக்கே கூட்டிக்கிட்டுப் போகணுமா, சரிங்க. சாயத்தண்ணி கூடாதா? கொதிக்க வச்சு ஆறின தண்ணி, பஞ்சு. ஒரு கண்ணத் தொடச்ச பஞ்சு அடுத்த கண்ணுக்கு ஆகாது. சரி. பக்கத்துக் காம்பராவுல குடியிருக்கிறவங்க தாய்ப்பால் ஊத்தச் சொன்னாங்க, நல்லவேள நான் ஊத்தல.

அந்த ஐயாவுக்கு மொதல்ல குடுத்து அனுப்புங்க மிஸ். எனக்கு அவசரம் இல்ல, நிக்கிறேன்.

ம், போயிட்டாரு. அவருக்கு என்ன வேலையா? தேயில ஸ்டோருல, தூள் சலிக்கிற எடத்துல. அதத்தான் அவரும் சொன்னாரு. ஸ்டோரு தூசி விழுந்திருச்சு விஜயலெட்சுமி, வேற ஒண்ணும் இல்லேன்னாரு. நானும் நம்பி, பாவம் மனுசன் ஒழைச்சுக் கண்ணக் கெடுத்துக்கிட்டாரேன்னு மெளகு ரசம் வச்சுக் குடுத்தேன். தூசின்னா இப்பிடி பீள கட்டுமாங்க? கட்டாதுல்ல. தூசி ஒத்துக்கலேன்னா அரிப்புத்தான் ஜாஸ்தி, வடியிறதும் வெறும் தண்ணி. இது ஒட்டுற நோவு. தெரியும் மிஸ். உங்க வாயாலயும் கேட்டுக்கலாம்னுதான்.

எங்க தோட்டத்து மிட்வைப் நோனாவும் இதயேதான் சொன்னாங்க, பெரட்டுக் களத்துல வச்சு, வேலைக்குப் பேர் குடுக்க நின்ன அத்தன பொம்பளைங்க முன்னாடியும். நோவு மொதல்ல புள்ளக்காம்பராவுலதான் வந்துச்சு. கொழுந்து எடுக்கப் போற தாய்மாருங்க கொழந்தைகள விட்டுட்டுப் போவாங்கல்ல, அங்க. கொழந்தைகளுக்கு வந்து, அதுகளப் பாத்துக்கிற நிரஞ்சலாவுக்கு ஒட்டிக்கிச்சு. மேல் லயத்து வீட்டு வரிசையில இருக்கா. புருசன் கொழும்புல ஓட்டல் வேல, தீவாளிக்குத்தான் தல காட்டுவான். இவ கொழந்த தூக்குறதுக்கே மை இழுத்து, பூ வச்சுக்கிட்டுத்தான் வருவா. சிரிச்சா கன்னத்துல குழி விழும். நான் எங்கங்க பாத்தேன், பாக்குறவங்க சொல்றாங்க.

எங்க வீட்டுல கொழந்த ஏது மிஸ்? இருந்த ஒரு மகளயும் ஹாலிஎலயில கட்டிக் குடுத்தாச்சு. நானும் அவரும் மட்டுந்தான். அப்ப அந்த நோவு எங்க வீட்டுக்கு எந்த வழியா வந்துச்சு? மாரியாயி அக்கா இருக்கே, அது கூடைய எறக்கி வச்சுட்டு, எல்லாருக்கும் கேக்குற மாதிரி கேக்குது, ஏன்டி, ஸ்டோரு தூசி புள்ளக்காம்பரா வரைக்கும் பறக்குதோன்னு. சிரிச்சாங்க பாருங்க, மலையே சிரிச்சுச்சு.

நான் அவர விட்டுக் குடுக்கலீங்க. ரோட்டுல எதிர்ல வந்தவளப் பாத்திருப்பாரு, பாத்தாலே ஒட்டிக்கும்லன்னேன். எங்க பக்கம் அப்பிடித்தான், கண்ணு நோவுக்காரங்களக் கண்டா மூஞ்சியத் திருப்பிக்குவோம். எல்லாரும் ஆமா ஆமான்னு அடங்கிட்டாங்க. அந்நேரம் பாத்து மிட்வைப் நோனா, நல்லது செய்றதா நெனச்சுக்கிட்டு, பாத்தா ஒட்டாது, தொட்ட கை, தொடச்ச துவாய், படுத்த தலகாணி, அதுலதான் ஒட்டும்னு வெளக்கமா சொல்லிட்டுப் போயிட்டாங்க. உண்மைதானாங்க? பாத்தா ஒட்டவே ஒட்டாதா? ம். நீங்களாவது வேற மாதிரி சொல்லுவீங்கன்னு நெனச்சேன்.

அவர் கிட்டயா? கேட்டேனே. கேட்டதுக்கு, உனக்குப் பைத்தியமான்னுட்டு செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டாரு. அதுக்கு மேல என்னத்தக் கேக்க?

அன்னையில இருந்து எல்லாரும் என் மூஞ்சியத்தான் பாக்குறாங்க. பீலியில தண்ணி புடிக்கப் போனா பாக்குறாங்க, கோயிலுக்குப் போனா குனிஞ்சு பாக்குறாங்க. அவரு கண்ணு செவப்பு, அவ கண்ணு செவப்பு, கட்டின பொண்டாட்டி கண்ணு மட்டும் வெள்ளையா இருக்கு. அதுக்கு என்ன அர்த்தம்னு யாருக்குங்க தெரியாது?

நானும் என்னென்னவோ பண்ணிப் பாத்துட்டேன். அவரு துவாயாலயே மூஞ்சி தொடச்சேன். அவரு தலகாணிய உருவி என் தலைக்கு வச்சுக்கிட்டேன். தூங்கறப்போ அவரு கைய எடுத்து என் கண்ணு மேல வச்சேன், தூக்கத்துலயும் அந்தக் கைய இழுத்துக்கிட்டாரு மிஸ். ஒண்ணும் வரல. பொறாமையாத்தான் இருக்கு, இல்லேன்னு சொல்லல. போயும் போயும் ஒரு நோவுக்கு. அவ குடுத்தத, அவரு எனக்கு ஒரு சொட்டுக் கூடக் குடுக்கல.

சில பேருக்கு வராதா? இருக்கலாங்க. உங்களுக்குத் தெரியும், பெரட்டுல நிக்கிறவங்களுக்குத் தெரியாதே.

வேணாம், அந்த மருந்த உள்ளயே வைங்க. அவருக்கு ஒரு வாரத்துல தானா ஆறிடும்னு சொல்றீங்கல்ல, ஆறட்டும். எனக்கு ஒண்ணு குடுங்க. நாளைக்கு வெள்ளனா பெரட்டுக்குப் போகையில எனக்கு ரெண்டு கண்ணும் நல்லா செவந்திருக்கணும். எரிஞ்சா பரவாயில்ல.