முன்னால போங்க

இதுக்குப் பேரு குரூப்புங்களா, ரசாக் பாய், நீங்களே சொல்லுங்க. காந்திபுரத்துல அத்தன பேரும் ஒரே வேன்ல ஏறுனோம். அடிவாரத்துல ஒண்ணா நின்னு டீ குடிச்சோம். மலையேற ஆரம்பிச்சதும் ஒருத்தரு முதுகு கூடத் தெரியல. நாம ரெண்டு பேரும் இந்தப் பாறைல உக்காந்துட்டிருக்கறோம். உக்காருங்க, உக்காருங்க, உடனே எந்திரிக்காதீங்க. சித்தெ மூச்சு வாங்கிக்குவோம்.

கேட்டீங்களா, மறுபடியும் விசிலு. மேல வளைவுல நின்னுட்டு அந்த வெங்கடபதிதான் ஊதறாருங்க. ஊதுனா நம்ம காலு வெரசா போயிருங்களா? எங்க ஊட்டுல விசிலு வந்தா அடுப்ப அமத்தறதுங்க, கெளம்பறதில்லைங்க.

நீங்க இன்னைக்குத்தான் மொத வாட்டி. எனக்கு இது மூணாவது. ஆனா நானும் புதுசுதானுங்க… உச்சிய இன்னும் பாக்கலையே. மொத வாட்டி பாதி. அடுத்த வாட்டி பாதிக்கு மேல கொஞ்சம். பன்னெண்டு மணிக்குள்ள உச்சிப்பாறைக்குப் போகலைன்னா, எங்க நிக்கறமோ அங்கிருந்தே திரும்பிரோணுமாமா. பொழுதோட எல்லாரையும் கீழ எறக்கோணும்னு சொல்லித்தான் பர்மிசன் வாங்கியிருக்கறாங்களாமா. இன்னைக்கும் உச்சிக்குப் போகலைன்னா என்னய ரேஸ்கோர்ஸ்ல நடக்கற குரூப்புக்கு மாத்திருவாங்களாமா. பிரவீனா அம்மணி சிரிச்சுட்டேதான் சொன்னாங்க. நம்மளக் கூட்டிட்டு வர்றவங்களாச்சே, சிரிச்சுட்டே சொல்றவங்கதான் செஞ்சுபோடுவாங்க.

ரேஸ்கோர்ஸ் நல்ல எடந்தானுங்க, இல்லைங்கல. சுத்திச் சுத்தி நடந்து பொறப்பட்ட எடத்துக்கே வந்து சேர்றதுக்கு ஒரு குரூப்புங்களா?

ஊட்டுல ராமாத்தா, என்ற சம்சாரம், அவ பேச்சு வேற. ‘மலைக்குப் போறேன் மலைக்குப் போறேன்னு போயி மலையப் பாத்துட்டுத்தான வாரீங்க. நம்ம மொட்ட மாடில நின்னாலும் தெரியுதே’ங்கறா. இன்னைக்கு வேன் ஏத்தியுட வந்தவ என்ன சொன்னா, உங்களுக்குக் கேட்டுதுங்களா? ‘மத்தியானச் சோத்துக்கு வந்துருவீங்கல்ல?’ அத்தன பேரு முன்னாடி. நீங்க கூடச் சிரிச்சீங்க. பரவால்லைங்க, பரவால்லைங்க, நானும்தான் சிரிச்சேன்.

அதுக்கப்பறம் இந்த ஷூ. மொத ரெண்டு வாட்டியும் செருப்புலயே வந்தனுங்க. அது தப்புன்னாங்க, இத வாங்குனேன். கடைல சொன்னாங்க, ஒரு வாரம் ஊட்டுக்குள்ளயே போட்டு நடந்து பழக்குங்கன்னு. ஷூவோட ஊட்டுக்குள்ள நடக்கறதாமா… ராமாத்தா கூட்டித் தொடச்ச ஊட்டுக்குள்ள. பொட்டியோட பீரோ மேல வெச்சுப்போட்டு இன்னைக்குத்தான் பிரிச்சேன். குதிங்காலு ரெண்டும் எரியுது. நீங்க பழைய ஷூவுல வந்தீங்க பாருங்க, அதுதான் புத்தி. மிக்சி ரிப்பேர் பண்றவரு, ஓடற பொருளு எதுன்னு தெரிஞ்சிருக்குது.

எங்க உட்டேன்… ஆ, குரூப்பு. கெளம்பறப்பவே பிரவீனா அம்மணி சொன்னாங்கல்ல, மெதுவா நடக்கறவங்க எனக்குப் பின்னாலயே வாங்கன்னு. மெதுவான ஆளு முன்னால இருந்தாத்தான் எல்லாரும் அந்த வேகத்துக்கு வருவாங்களாமா, யாரும் பின்தங்க மாட்டாங்களாமா. ‘தம்பிதுரை அண்ணா, நீங்க எனக்கு அடுத்து’ன்னு கையப் புடிச்சே நிறுத்துனாங்க. நின்னனுங்க. பின்னால யாரோ இருமுனாங்க. நாம வழிய மறிச்சு நிக்கறமாட்ட ஆயிருச்சு. ‘நீங்க முன்னால போங்க’ன்னேன். அவரு போனாரு. அவரு போனா, அவரு சம்சாரத்தப் பின்னால நிறுத்தறது நல்லாவா இருக்குது? அவங்களும் போனாங்க. அப்பறம் அந்த பேங்க்காரரு. அப்பறம் காலேஜ் புள்ளைக, அதுக நம்ம முதுகுக்குப் பின்னால நசுங்கிட்டு வருதுகளேன்னு… அதுகளையும் தாட்டியுட்டேன்.

ஏனுங்க, அப்படிப் பாக்கறீங்க? மரியாதைக்குச் சொன்னா, ஒருத்தராச்சும் ‘இல்லீங்க, நீங்க போங்க’ன்னு திருப்பிச் சொல்லோணுமல்ல? சொல்லலையே. குடுகுடுன்னு போயிட்டாங்க.

வெங்கடபதிங்களா? அவரு கடைசி ஆளு. எல்லாருக்கும் பின்னால வர்றதுதான் அவருக்குக் குடுத்த வேலையாமா. அதெப்படீங்க, ஒரு மனுசன கடைசில உட்டுப்போட்டு நாம முன்னால கைய வீசிட்டுப் போறது? அவரு மாட்டவே மாட்டேன்னாருங்க. வளைவு வரைக்குமாச்சும் முன்னால போயி நில்லுங்க, நீங்க பின்னால வந்தா எனக்குக் காலே வராதுன்னு நாந்தான் கெஞ்சி… ஆமாங்க. அதான் அங்க நின்னு ஊதறாரு.

சரி, எந்திரிச்சுட்டீங்களா? போலாம், போலாம். நீங்க முன்னால போங்க.

ஏனுங்க நிக்கறீங்க?

இல்லீங்க, நீங்க போங்க. மொத வாட்டி வந்திருக்கறீங்க… அட, கைய வேற காட்டறீங்க. பாய், வழி ஒரு ஆளு போற அகலந்தான். இப்படியே நின்னோம்னா பன்னெண்டு ஆயிரும், எறங்கித்தான் போகோணும். போங்க. என்னங்க, மறுபடியும் உக்காந்துட்டீங்க? நான் போனாத்தான் எந்திரிப்பீங்களா? இப்படியொரு புடிவாதத்த நான் பாத்ததே இல்லைங்க. மரியாதைக்கும் ஒரு அளவு வேண்டாமா?

சரி. சரீங்க. போறேன்.

வாரீங்கல்ல?… மெதுவாத்தான் போவேன், சொல்லிப்போட்டேன். வேகமா வேணும்னா… சொல்லுங்க, ஒதுங்கிக்கறேன்… வேண்டாங்களா? சரி… அந்த வேரு இருக்குது, பாத்து.

பாய்… முன்னால ஆளில்லைன்னா… காத்து நல்லா வருதுங்க… இத்தன நாளா அடுத்தவங்க முதுகுப் பையத்தான் பாத்துட்டு வந்திருக்கறேன்… மேல அந்த மொட்டப் பாறை, அதானுங்களா உச்சி? இவ்வளவு பக்கத்துலயா இருக்குது… பேச முடியலைங்க… அப்பறம் பேசறேன்…

அதா, வெங்கடபதி… ஒதுங்கி நின்னு வழி உடறாரு பாருங்க. ஏனுங்க வெங்கடபதி, உங்களையும் நிக்க வெச்சுப்போட்டேன்… நீங்க மொதல்ல…

இல்ல. நில்லுங்க. நானே போறேன்.