ஆறாவது நம்பர்

— அது இல்ல ஜோனத்தான் சார், இன்னிக்கு வேற ஒரு விஷயம் சொல்லணும்னுதான் கூப்ட்டேன்.

— விஷயம் அப்புறம், அன்பு. முதல்ல நம்பர். டெபோரா போன் கையிலதான் இருக்கு.

— இன்னா சார், காலங்காத்தால அத்த கையிலயே வெச்சிகினு கீறீங்க?

— நீ கூப்பிடுவேன்னுதான்.

— வேற யாரும் அந்த நம்பருக்குக் கூப்புடறதில்லியா?

— நேத்து ஏதோ பேங்க்ல இருந்து ஒரு பொண்ணு. டெபோரா மேடம் இருக்காங்களான்னு கேட்டா. இல்லன்னேன். எப்ப வருவாங்கன்னு கேட்டா.

— நீங்க இன்னா சொன்னீங்க?

— அப்புறமா கூப்பிடச் சொன்னேன். சரி, உங்க ஆபீஸ்ல என்ன?

— நேத்து ஆடிட்காரங்க வந்தாங்க சார். ஒரே பேஜார். டேட்டாபேஸ் எங்க கீதுன்னு கேட்டாங்க. சிங்கப்பெருமாள் கோவில் ஃபேக்டரிலன்னு சொன்னோம். சுத்தி ஃபயர்வால் கீது, தாம்பரம் ஆபீஸ் கம்ப்யூட்டர்லேர்ந்து உள்ள போக ஒரே வழி டனல்தான், டெபோரா மேடம் போட்டதுன்னு சொன்னோம். சூப்பரா போட்டுகிறாங்கன்னாங்க.

— நல்லாத்தான் போடுவா.

— அப்பால ரெண்டாவது பூட்டு பத்திக் கேட்டாங்க. டனல் தொறக்கறப்ப ஒரு நம்பர் வருமே, அது யாரு போனுக்கு வருதுன்னு.

— சொன்னீங்களா?

— சொன்னோம் சார். மேடம் போனுக்குத்தான் வரும், ஆனா மேடம் இப்ப...

— செத்துட்டா. சொல்லலாம் அன்பு, பரவாயில்ல.

— அவங்க வூட்டுக்காரரு பீர்க்கன்கரணைல கீறாரு, டெய்லி காலைல அவரு நம்பரப் படிச்சிக் காட்டுவாரு, நாங்க உள்ள போவோம்னு சொன்னோம். ஆடிட்காரரு பேனாவ மூடி வெச்சிட்டாரு.

— ஏன்? என்னைத் தாண்டி வேற யாரும் உள்ள போகலையே.

— அத்தயேதான் சார் நானும் சொன்னேன்.

— மாத்தப் போறாங்களா?

— அத்தச் சொல்லத்தான்... பேசிகினு கீறாங்க சார். நாஷ்டா ஆச்சா?

— மாவு வாங்கினேன்.

— வாங்குனத கேக்கல சார்.

— பல் விளக்கிட்டேன். நீ கூப்பிடறதுக்கு முன்னாடி விளக்கிடுவேன். ஞாயித்துக்கிழமை நீ கூப்பிடறதில்ல. அன்னிக்கு மட்டும் பல் விளக்க சாயங்காலம் ஆயிடுது.

— சர்ச்சுக்குப் போறதில்லியா?

— அங்க எல்லாரும் கையைப் பிடிச்சுக்கறாங்க. நீ நம்பர் மட்டும் கேக்கற. அது வசதியா இருக்கு. இரு, வந்துடுச்சு.

— இன்னா வந்துச்சு?

— நம்பர்தான். எழுதிக்கோ.

— மெய்யாலுமே வந்துச்சா சார்?

— என்ன அன்பு, புதுசாக் கேக்கற? நாலு.

— நாலு.

— ஒண்ணு. எட்டு. எட்டு.

— ரெண்டு எட்டு. சரி.

— மூணு.

— அப்பால?

— அவ்வளவுதான்.

— அஞ்சுதான் சார் ஆச்சு. எப்பவும் ஆறு வரும்.

— ஆமா. கடைசில ஏழு. கண்ணாடி போடல.

— ஏழு. போட்டுட்டேன் சார்.

— திறந்துச்சா?

— தொறந்துச்சு சார்.

— நல்லது. ஏதோ விஷயம்னியே?

— நாளைக்குச் சொல்றேன் சார்.

— நாளைக்கும் கூப்பிடுவ இல்ல?

— கூப்புடாம எப்டி சார் உள்ள போறது? மாவுதான் கீதே, ரெண்டு தோசை ஊத்திக்கங்க.

— சரி. வெச்சிடறேன்.

— கெசியா மேடம், ஜோனத்தான் சார் போன வெச்சிட்டாரு.

— சொல்லிட்டியா அன்பு? நானே பேசறேன்னேன். நீதான், ‘நான் சொன்னாத்தான் அவர் தாங்குவார்’னு அந்த வேலையை என்கிட்டேர்ந்து வாங்கிட்டுப் போன.

— சொல்லல மேடம்.

— ஏன்? டெபோரா போன் நம்பரை டனல்லேர்ந்து நேத்து சாயங்காலமே எடுத்தாச்சு. இப்ப எல்லாம் என் போனுக்குத்தான் வருது. இனிமே அந்த போனுக்கு ஒண்ணும் வராதுன்னு சொல்லத்தான கூப்பிட்ட?

— ஆமா மேடம். நான் டனல் பக்கமே போவல. சும்மாதான் பேசிகினு இருந்தேன்.

— அப்புறம் எது திறந்துச்சுன்னு சொன்ன? அவர் எதைப் படிச்சார்?

— தெரில மேடம். வந்துச்சுன்னாரு. அஞ்சு நம்பர் சொன்னாரு. ஆறாவது, நான் கேட்டப்புறம் சொன்னாரு.

— இப்ப என்ன பண்றது?

— நாளைக்கு ஆறும் கரெக்டா சொல்லுவாரு மேடம், பாருங்க.