பலகையின் உள்பக்கம்

– அதான் கேக்குறேன் ஆர்வின், சர்ச்சுப் பக்கமும் காணோம், போனையும் எடுக்கல. உறைஞ்ச ஏரி நடுவுல இந்தக் கொட்டாய்க்குள்ள யாருக்குப் பயந்து உக்காந்திருக்க?

– மீன் பிடிக்கிறேன் தாயே. கதவைச் சாத்து, மெல்லப் பேசு. ஓடிரும்.

– எது ஓடும்? வாளி காலியாக் கெடக்கு. ஏரி சரியா உறையறதுக்கு முன்னாடியே கொட்டாயை இழுத்துட்டுப் போயிட்டான், தேர்தல் முடிஞ்சதிலேருந்து மனுஷன் சரியில்லன்னு உன் பொண்டாட்டி பொலம்புறா.

– அவ கெடக்கா. எனக்கென்ன கொறை டெல்லா? எங்க கட்சி ஜெயிச்சிருக்கு. செவ்வாய்க்கிழமை தலைநகரம் மேடிசன் போறேன், கோட்டு இஸ்திரி போட்டுத் தொங்குது. விஸ்கான்சினுக்கு இருக்கிற எலெக்டர்கள்ல நானும் ஒருத்தன். நாங்க கையெழுத்துப் போட்டாத்தான் எங்காளு அதிபர்.

– ம். நாடு முழுக்கக் கூட்டிப் பாத்தா எங்காளுக்குத்தான் ஓட்டு அதிகம். தெரியும்ல?

– தெரியும். அதுக்கு? மாநிலம் மாநிலமா எண்ணுறதுதான் விதி. ஆட்டம் முடிஞ்சப்புறம் விதி சரியில்லன்னு தோத்தவங்கதான் அழுவாங்க.

– சொல்லு, சொல்லு! எட்டு வருஷத்துக்கு முன்னாடி என் வாசல்ல நீ கையெழுத்துக் கேட்டு நின்னப்ப நான் சொன்ன அதே வார்த்தை. ஒரு எழுத்து மாறல.

– அப்படியா சொன்ன? மறந்துபோச்சு.

– எனக்கு மறக்கல. அப்ப இதே மாதிரி கம்மி ஓட்டு வாங்கி எங்காளு ஜெயிச்சாரு. ஜனங்க யாருக்கு அதிகமாப் போட்டாங்களோ அவருக்கே பதவின்னு சட்டம் வேணும்னு நீ வீடு வீடா அலைஞ்ச. மூக்கு செவந்து, மீசையில பனி தொங்க நின்ன. உள்ள வான்னுகூடக் கூப்பிடல நான். கதவைச் சாத்திட்டு, ஜன்னல்ல நின்னு சிரிச்சேன்.

– விடு, பழைய கதை. காபி இருக்கு, பிராந்தி கலந்தது. ஊத்தட்டுமா?

– ஊத்து. அதென்ன, உன் முதுகுக்குப் பின்னாடி ஏதோ எழுதியிருக்கு?

– ஒண்ணுமில்ல. காத்து வருதுன்னு ஒரு பலகைய வெச்சு அடிச்சேன். நீ உக்காரு.

– நகருன்னா! ‘ஒரு ஆள், ஒரு ஓட்டு, நாடு முழுக்க.’ ஆர்வின்! ரோட்டோரம் உன் சோளக்காட்டுல நின்னுச்சே, அந்தப் பலகையா இது?

– நல்ல பிளைவுட்டு. வீணாக்குவானேன்னு...

– எழுத்தை உள்பக்கம் வெச்சு அடிச்சிருக்க.

– வெளிப்பக்கம் வெச்சா ஏரி பூரா படிக்கும்ல.

– உள்ள வெச்சா நீ ஒருத்தன் படிக்கணுமே, நாள் பூரா.

– அதான் முதுகைக் காட்டி உக்காந்துக்கிறேன்.

– கேளு. புதன்கிழமை சட்டசபைக் குழு கூடுது. நீ அன்னைக்குக் கேட்ட அதே சட்டம்: நாடு முழுக்க யாருக்கு அதிக ஓட்டோ, நம்ம மாநிலத்து எலெக்டர்களும் அவருக்கே. நான் போய்ப் பேசப் போறேன். அன்னைக்கு நான் பண்ணினது தப்புன்னுதான் ஆரம்பிக்கணும். நெனச்சாலே நாக்கு ஒட்டிக்குது.

– தோத்ததும் புத்தி வந்துச்சுன்னு சிரிப்பாங்க.

– சிரிக்கட்டும், வேணும் எனக்கு. அதான் உன்னைக் கூப்பிட வந்தேன். ஜெயிச்ச கட்சி ஆளு ஒருத்தன் எழுந்து ஆமான்னு சொன்னா அத்தனை வாயும் மூடும்.

– என்னால முடியாது டெல்லா.

– செவ்வாய்க்கிழமை போய் உன் கையெழுத்தைப் போடு, நான் குறுக்க நிக்கல. இது அடுத்த தேர்தலுக்குத்தானேப்பா?

– முடியாதுன்னா விடேன்!

– சரி, பேச வேணாம். எம்பக்கத்துல சும்மா உக்காரு, போதும். உன்னைப் பனியில நிக்க வெச்சவளுக்கு இதைக் கேக்க யோக்கியதை இல்லதான். இருந்தாலும் கேக்குறேன். ஐஸ்ல வெட்டுன அந்தக் குழியையே ஏன் பாக்குற? என் மூஞ்சியப் பாரு.

– தூண்டில் கயிறு ஆடுன மாதிரி இருந்துச்சு.

– ஒண்ணும் ஆடல.

– ஆணி பிடுங்குற அந்தக் கொறட்டை எடு. பலகையக் கழட்டித் தர்றேன், கொண்டுபோ.

– லூசா நீ? காத்து பூந்து வெறச்சுப் போயிருவ. எனக்கெதுக்கு இது?

– அந்தக் கூட்டத்துக்குக் கொண்டுபோ. நான் பேசும்போது எனக்கு எதிர்ல, கண்ணுக்கு நேரா வெச்சுப் பிடி.

– பேசும்போதா? அப்ப வர்ற! இதை மொதல்லயே சொல்றதுக்கென்னய்யா, என்னை இவ்வளவு கெஞ்ச விட்டு...

– அந்தக் குழுவுல பேச எம்பேரை எங்க கட்சிக்காரங்க ஏற்கெனவே கொடுத்தாச்சு டெல்லா. அன்னைக்கு வேணும்னு அலைஞ்சவனே இன்னைக்கு வேணாம்னு சொன்னாத்தான் எடுபடுமாம்.